குந்தி எழுந்தால் அப்பாவுக்குக் கண் இருட்டுகிறது, பிரஷர் நார்மல் என்கிறார்கள்

மாந்தோப்பு மகள் | மே 14, இரவு 9.10

எங்களுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம். அப்பாவுக்கு வயது 67. சர்க்கரை வந்து 18 வருடம் ஆகிறது. காலையில் ஒரு பிரஷர் மாத்திரை, போன வருடத்திலிருந்து புராஸ்டேட்டுக்கு இரவில் ஒரு மாத்திரை.

போன செவ்வாய்க்கிழமை மதியம் களி சாப்பிட்டுவிட்டு, கொட்டகையில் குந்தி உட்கார்ந்து பெங்களூரா மாங்காய்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். எழுந்தார், இரண்டு அடி வைத்தார், அப்படியே கூடை மேல் சரிந்துவிட்டார். அரை நிமிடத்தில் அவரே கண் விழித்து "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். வீட்டுக் கருவியில் சர்க்கரை 164. பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். உட்கார வைத்துப் பிரஷர் பார்த்தார்கள், 138/82. "நார்மல்தான், வெயில், பலவீனம்" என்று ஒரு பாட்டில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு மாதத்தில் இது மூன்றாவது முறை. காலையில் கட்டிலை விட்டு எழும்போதும் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சாப்பிட்டது வயிற்றிலேயே நிற்கிறது என்கிறார். சாப்பிட உட்கார்ந்தால் தலையும் முகமும் வியர்த்துக் கொட்டுகிறது, காலோ இந்த மே மாதத்திலும் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. இதெல்லாம் ஒன்றுக்கொன்று சம்பந்தம் உள்ளதா, தனித்தனியா என்று தெரியவில்லை. யாராவது சொல்லுங்கள்.

ஓசூர் ஷிப்ட் | மே 14, இரவு 9.32

லோ பிரஷராக இருக்கும் அக்கா. எனக்கும் ஷிப்ட் முடிந்து எழுந்தால் கிறுகிறுவென்று வரும். எலுமிச்சம்பழத்தில் உப்பு தூக்கலாகப் போட்டுக் குடித்தால் சரியாகிவிடும்.

இரவுப்பணி செவிலி | மே 14, இரவு 11.48

தம்பி, உங்களுக்குச் சரியானது அவருக்குச் சரியாக வேண்டும் என்றில்லை. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு உப்பைக் கூட்டச் சொல்லாதீர்கள்.

அம்மா, நான் தருமபுரியில் 22 வருடமாக வார்டில் வேலை பார்க்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஒன்றுதான் தோன்றியது. அவரை நிற்க வைத்துப் பிரஷர் பார்த்தார்களா? உட்கார்ந்து எடுத்த அளவு இந்தத் தொல்லைக்கு எதையும் சொல்லாது. நாளைக் காலையில் இதைச் செய்யுங்கள். ஐந்து நிமிடம் மல்லாந்து படுக்க வைத்து ஒரு அளவு எடுங்கள். அப்புறம் எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாவது நிமிடத்தில் ஒன்று. ஒவ்வொரு முறையும் கருவி காட்டும் நாடித்துடிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள், அது ரொம்ப முக்கியம். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்க வேண்டும். கண் இருட்டினால் உடனே படுக்க வையுங்கள், அளவு போனால் போகட்டும்.

மாந்தோப்பு மகள் | மே 15, காலை 7.20

எடுத்துவிட்டோம் அக்கா. படுத்து 148/84, நாடி 88. நின்று ஒரு நிமிடத்தில் 112/70, நாடி 90. மூன்றாவது நிமிடத்தில் 108/66, நாடி 91. அதற்குமேல் நிற்க முடியவில்லை என்று உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கை நடுங்குகிறது. 40 எப்படிக் குறையும்?

இரவுப்பணி செவிலி | மே 15, காலை 8.35

பயப்படாதீர்கள். இப்போதுதான் வந்து வீட்டில் உட்கார்ந்தேன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நாம் எழுந்து நிற்கும்போது, நாம் எல்லோருக்குமே, அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் வயிற்றுப் பக்கமும் கால் பக்கமும் இறங்கிவிடும். தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவது போலத்தான். அப்படி இறங்கினால் மூளைக்கு ரத்தம் குறைந்து தினமும் நாம் அத்தனை பேரும் விழ வேண்டும். விழுவதில்லை. ஏனென்றால் கழுத்தில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் பிரியும் இடத்திலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயின் வளைவிலும் அழுத்தத்தை அளக்கும் நரம்பு முனைகள் இருக்கின்றன. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, 52 அடியை நெருங்கும்போது மதகைத் திறக்கிறார்கள் இல்லையா? அதைப்போல இந்த முனைகள் ஒவ்வொரு துடிப்புக்கும் மட்டத்தைப் பார்த்து, மூளையின் அடியில் இருக்கும் முகுளத்துக்குச் சொல்கின்றன. மட்டம் இறங்கினால் முகுளம் இரண்டு வேலை செய்கிறது. ரத்தக்குழாய்களை இறுக்கச் சொல்கிறது, இதயத்தை வேகமாக அடிக்கச் சொல்கிறது. எல்லாம் சில நொடிகளுக்குள். நம்மைக் கேட்பதில்லை, நமக்குத் தெரிவதும் இல்லை. இதைச் செய்வதுதான் தானியங்கு நரம்பு மண்டலம்.

நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தாலே அது கவனிக்க வேண்டிய விஷயம். உங்கள் அப்பாவுக்கு 40 குறைகிறது. ஆனால் என் கண்ணில் பட்டது அந்த நாடிதான். உடம்பில் தண்ணீர் வற்றியோ, ரத்தம் குறைந்தோ பிரஷர் இறங்கினால் இதயம் படபடவென்று அடித்து ஈடுகட்டப் பார்க்கும். 40 குறைந்தால் நாடி 20 ஆவது ஏறியிருக்க வேண்டும். இவருக்கு மூன்றுதான் ஏறியிருக்கிறது. மட்டம் இறங்கியது உண்மை, மதகுக்காரருக்குச் செய்தி போகவில்லை, அல்லது போயும் அவரால் கையை அசைக்க முடியவில்லை. இது வெயிலும் பலவீனமும் மட்டும் அல்ல, பல வருடச் சர்க்கரை அந்த நரம்புகளையே அரித்திருக்கிறது என்று சந்தேகப்பட இது போதும். உறுதி செய்ய வேண்டியவர் மருத்துவர்.

இப்போது நீங்கள் எழுதிய மற்றதைப் பாருங்கள். வயிற்றில் சாப்பாடு நிற்பது, இரைப்பையை அசைக்கும் நரம்பு சோர்ந்ததால் வரலாம். கால் காய்ந்து வெடிப்பது, அங்கே வியர்வைச் சுரப்பிக்குப் போகும் நரம்பு பட்டுப்போவதால் வரலாம். கீழே வியர்க்காத உடம்பு மேலே அதிகமாக வியர்த்து ஈடுகட்டும். சாப்பிடும்போது முகம் மட்டும் வியர்ப்பதும் நீண்ட நாள் சர்க்கரையில் நாங்கள் பார்க்கிற ஒன்று. தனித்தனி என்று நினைத்தீர்களே, எல்லாம் ஒரே கம்பியில் கோத்தவை.

விழுந்த நேரத்தையும் பாருங்கள். களி உண்டதும் குடலுக்கு ரத்தம் போகும். மே மாத வெக்கைக்கு உடம்பைக் குளிர்விக்கத் தோலின் குழாய்கள் விரியும். குந்தி உட்கார்ந்து எழுந்தால் காலுக்கு ஒரேயடியாக ரத்தம் பாயும். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த நிமிடம் அது.

கடைசியாக ஒன்று. புராஸ்டேட் மாத்திரையின் பெயர் என்ன? அட்டையைப் பார்த்து எழுதுங்கள். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மாந்தோப்பு மகள் | மே 15, காலை 9.02

டாம்சுலோசின் என்று போட்டிருக்கிறது. அதற்கும் இதற்கும் என்ன அக்கா?

பாலக்கோடு வாத்தியார் | மே 15, மாலை 6.15

செவிலி அம்மா தூங்கிக்கொண்டிருப்பார்கள், அவர்கள் வரும்வரை நான் கொஞ்சம் எழுதுகிறேன். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். இந்தப் பாடத்தில் "பரிவு நரம்புகள், எதிர்ப்பரிவு நரம்புகள்" என்று இரண்டு கட்டம் போட்டு, ஒன்று வேகப்படுத்தும், இன்னொன்று நிதானப்படுத்தும் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறார்கள். அதில் ஒரு தவறான படம் மனதில் தங்கிவிடுகிறது. ஒன்று ஓடும்போது மற்றது அணைந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இரண்டும் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. கூடுவதும் குறைவதும்தான்.

இதயத்தை எந்த நரம்பும் தொடாமல் விட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை துடிக்கும். நமக்கு 70 ஆக இருப்பது வேகஸ் என்ற எதிர்ப்பரிவு நரம்பு ஓயாமல் இழுத்துப் பிடித்திருப்பதால். காளைக்கு மூக்கணாங்கயிறு போல. திடீரென்று நாய் துரத்தினால் முதல் நொடியில் நடப்பது சாட்டையடி அல்ல, கயிறு தளர்வதுதான். சாட்டை, அதாவது பரிவு நரம்பும் அட்ரினலினும், அதற்குப் பின்னால்தான் வந்து சேர்கிறது. உங்கள் அப்பாவுக்கு ஓய்விலேயே நாடி 88 இருப்பதற்கும் இதில் பதில் இருக்கலாம். வேகஸ் உடம்பிலேயே நீளமான நரம்புகளில் ஒன்று, மூளையின் அடியிலிருந்து வயிறு வரை போகிறது. சர்க்கரை நீளமான நரம்புகளைத்தான் முதலில் தொடும் என்பார்கள். கயிறு நைந்தால் காளை அதன் போக்கில் நடக்கும்.

"தானியங்கு" என்ற பெயரின் ஆங்கில மூலத்தை 1898-இல் வைத்தவர் கேம்பிரிட்ஜில் இருந்த ஜான் நியூபோர்ட் லாங்லி. ஆனால் இந்த நரம்பு இதயத்திடம் எப்படிப் பேசுகிறது, மின்சாரமாகவா, மருந்தாகவா என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆஸ்திரியாவில் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை எடுத்தார். முதல் இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு குறைந்தது. அதைச் சுற்றியிருந்த உப்புநீரை எடுத்து இரண்டாவது இதயத்தின் மேல் விட்டார். அதை எந்த நரம்பும் தொடவில்லை, அதுவும் நிதானமானது. இந்தச் சோதனை அவருக்குக் கனவில் வந்தது. முதல் இரவு எழுதி வைத்ததைக் காலையில் படிக்க முடியவில்லை, மறுநாள் இரவு அதே கனவு திரும்ப வர, எழுந்து நேராகச் சோதனைக்கூடத்துக்குப் போய்விட்டார். 1921-இல் வெளியிட்டார். 1936-இல் ஹென்றி டேலுடன் சேர்ந்து நோபல் பரிசு. அந்த உப்புநீரில் இருந்த பொருள்தான் அசிடைல்கோலின். இதைச் சொல்லும்போது கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

வகுப்பில் நான் செய்து காட்டுவது இரண்டு. ஒரு கண்ணில் டார்ச் அடித்தால் வெளிச்சம் படாத மறு கண்ணின் பாப்பாவும் சுருங்கும். இன்னொன்று, நல்ல உடம்புள்ள ஒரு பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு குளிர்ந்த நீருள்ள அகலப் பாத்திரத்தில் முகத்தை வைக்க, இன்னொருவன் நாடியை எண்ணுவான். துடிப்பு கண்முன்னே குறையும். இதய நோய் உள்ளவர்கள் செய்து பார்க்க வேண்டாம்.

அரூர் விவசாயி | மே 15, இரவு 8.40

சார் சொன்ன அசிடைல்கோலினை நான் உடம்பால் கற்றவன்.

நாலு வருடத்துக்கு முன்னால் தை மாதம், மாம்பூவில் தத்துப்பூச்சி. கைத்தெளிப்பானில் மருந்து அடித்தேன். காற்று எதிர்த்து அடித்தது. சட்டை முதுகோடு நனைந்துவிட்டது, மதியம் வரை அதே சட்டையோடு வேலை செய்தேன். முதலில் வாயில் எச்சில் ஊறியது, துப்பித் துப்பித் தீரவில்லை. கண்ணில் நீர், உடம்பெல்லாம் வியர்வை, வாந்தி, பேதி. பார்வை மங்கியது. தம்பி பார்த்துவிட்டு "அண்ணா, உன் கண் பாப்பா கடுகு மாதிரி இருக்குது" என்றான். நெஞ்சில் சளி கட்டிக் கரகரவென்று மூச்சு.

அவன் செய்த புத்திசாலித்தனம், சட்டையைக் கழற்றி எறிந்து, சோப்புப் போட்டு என்னைக் குளிப்பாட்டி 108-ஐக் கூப்பிட்டது. மருந்து டப்பாவையும் கையோடு எடுத்து வந்தான். ஆஸ்பத்திரியில் அட்ரோபின் ஊசி திரும்பத் திரும்பப் போட்டார்கள். வாய் காய்ந்து, நாடி ஏறி, நெஞ்சு தெளிந்த பிறகுதான் நர்சு முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். ஏன் அப்படி ஆனது என்று யாரும் எனக்கு விளக்கவில்லை. சார் சொன்னால் நன்றாக இருக்கும்.

பாலக்கோடு வாத்தியார் | மே 15, இரவு 9.25

நீங்கள் பிழைத்து வந்து எழுதுவதே நிறைவாக இருக்கிறது ஐயா.

நரம்பு முனை அசிடைல்கோலினைச் சொட்டுவிட்டதும், சொன்ன சொல்லை உடனே துடைக்க ஒரு நொதி காத்திருக்கும். அதன் பெயர் அசிடைல்கோலினெஸ்டரேஸ். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து அந்த நொதியின் கையைக் கட்டிவிடுகிறது. துடைக்க ஆள் இல்லை, அதனால் செய்தி நிற்பதே இல்லை. எச்சில் சுரப்பிக்கு "சுர", குடலுக்கு "அசை", கண் பாப்பாவுக்கு "சுருங்கு", மூச்சுக்குழாய்க்கு "சளி விடு". எதிர்ப்பரிவின் மொத்தக் கட்டளையும் ஒரே நேரத்தில் உச்சத்தில். வியர்வை மட்டும் ஒரு விதிவிலக்கு. அது பரிவு நரம்பின் வேலை, ஆனாலும் அங்கே பேசப்படுவது அசிடைல்கோலின்தான், அதனால் அதுவும் கொட்டும்.

அட்ரோபின் அந்தச் செய்தி போய்ச் சேரும் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். நம் ரோட்டோர ஊமத்தையில் இருப்பதும் இதே குடும்பத்துச் சரக்குதான். ஊமத்தங்காய் தின்ற பிள்ளைக்கு எல்லாம் தலைகீழாக இருக்கும். பாப்பா விரிந்து, வாய் வறண்டு, தோல் காய்ந்து சூடாகி, இதயம் ஓடி, சிறுநீர் நின்று, புத்தி பேதலிக்கும். அதற்காகப் பூச்சிமருந்துக்கு ஊமத்தை கொடுக்கலாம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. அளவு தெரியாத விஷம் அது.

பர்கூர் பாறை | மே 16, காலை 6.50

எங்கள் பக்கம் தேள். மூன்று வருடத்துக்கு முன் அக்கா மகனுக்கு ஏழு வயது, கல்லுக்கட்டு ஓரம் செந்தேள் கொட்டிவிட்டது. மந்திரிக்கக் கூட்டிப்போய் ஒரு மணி நேரத்தை இழந்தோம், இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. பையன் வாந்தி எடுத்தான், குளித்தது போல வியர்த்தான், கை கால் ஐஸ் மாதிரி. ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார்கள், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, கை கால் சூடு திரும்பும்வரை. "தூக்கி உட்கார வைக்காதீங்க, படுத்தே இருக்கட்டும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அதுவும் இந்த நரம்புச் சமாசாரம்தானா?

இரவுப்பணி செவிலி | மே 16, காலை 9.30

அதுதான். நல்ல கேள்வி கேட்டீர்கள், மாந்தோப்பு அம்மாவின் டாம்சுலோசின் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

செந்தேள் விஷம் நரம்பில் சோடியம் போகும் வாசல்களை மூடவிடாது. நரம்பு ஓயாமல் சுடும். முதலில் அசிடைல்கோலின் கொட்டும், அதுதான் வாந்தி, வியர்வை, எச்சில். அப்புறம் பரிவின் முறை. நார்அட்ரினலின் வெள்ளமாக வந்து கை கால் ரத்தக்குழாய்களை முறுக்கிப் பிழியும், அதனால்தான் ஐஸ் போலக் குளிர்ந்தது. அந்த இறுகிய குழாய்களுக்கு எதிராக ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயம் சோர்ந்து, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். உயிர் போவது அங்கேதான். அந்த மாத்திரை பிராசோசினாக இருக்கும். குழாயை இறுக்கும் ஆல்பா வாசலை அடைத்து, முறுக்கை அவிழ்க்கும். மகாராஷ்டிராவில் கொங்கணப் பகுதியின் மகாட் என்ற சிற்றூரில் இருந்துகொண்டு, தேள் கொட்டிய பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்துக் காப்பாற்றி உலகத்துக்கே எழுதிக் காட்டியவர் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர். 2022-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சிற்றூரில் வேலை பார்க்கிற எங்களுக்கெல்லாம் அவர் பெயர் ஒரு தெம்பு.

குழாய் தளர்ந்திருக்கும்போது எழுந்து உட்கார்ந்தால் ரத்தம் கீழே இறங்கி மயக்கம் வரும். படுக்கச் சொன்னது அதற்காக. அம்மா, டாம்சுலோசினும் ஆல்பா வாசலை அடைக்கிற இனம்தான். புராஸ்டேட்டின் தசையைத் தளர்த்திச் சிறுநீருக்கு வழி விடுவதற்காக. பெரும்பாலும் அங்கேதான் வேலை செய்யும், ஆனால் ரத்தக்குழாயையும் கொஞ்சம் தளர்த்தும். நல்ல நரம்பு உள்ளவர் சமாளித்துவிடுவார். ஏற்கெனவே நரம்பு நைந்தவருக்கு இருக்கிற பிடியும் போய்விடும். பிரஷர் மாத்திரையும் சேர்ந்திருக்கிறது. அதனால் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, அந்த மூன்று அளவுகளையும் காகிதத்தில் எழுதி, பொது மருத்துவரிடம் காட்டுங்கள். ஈசிஜி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இப்படி நரம்பு கெட்டவர்களுக்கு மாரடைப்பு வந்தாலும் நெஞ்சுவலி தெரியாமல் போகலாம். சர்க்கரை தாழ்ந்தால் வரும் படபடப்பும் வியர்வையும் பரிவு நரம்பு அடிக்கிற மணிதான், அந்த மணியும் அடிக்காமல் போகலாம். "எனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று அவர் சொன்னாலும் கருவியில் பாருங்கள்.

ஓசூர் ஷிப்ட் | மே 16, இரவு 10.05

உப்புச் சொன்னதற்கு மன்னிக்கவும் அக்கா. ஒரு கேள்வி. நான் ரத்தம் எடுக்கப் போனால் ஊசியைப் பார்த்ததும் விழுந்துவிடுவேன். அதுவும் சர்க்கரையா? அப்புறம் மூச்சுப்பயிற்சி செய்தால் வேகஸ் பலமாகி இந்த நோயெல்லாம் குணமாகும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள்.

இரவுப்பணி செவிலி | மே 17, அதிகாலை 2.20

உங்களுடையது சர்க்கரை இல்லை தம்பி. ஊசியைப் பார்த்ததும் வேகஸ் கயிற்றைச் சட்டென்று இழுத்துவிடுகிறது, குழாயும் தளர்கிறது. நரம்பு நன்றாக இருப்பவருக்கே வரும். அடுத்தமுறை படுத்துக்கொண்டு எடுக்கச் சொல்லுங்கள். கண் இருட்டத் தொடங்கும்போது கால்களைக் குறுக்கே போட்டுத் தொடையையும் பிட்டத்தையும் இறுக்குங்கள், ரத்தம் மேலே ஏறும்.

மூச்சு விஷயத்தில் உண்மையும் இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது நாடி கொஞ்சம் வேகமாகும், விடும்போது நிதானமாகும். மெதுவாக நீட்டி விட்டால் படபடப்பு அடங்கும், நானே இரவுப்பணியில் செய்கிறேன். ஆனால் சர்க்கரை அரித்த நரம்பை மூச்சு திரும்ப முளைக்க வைக்காது. அந்த வீடியோவை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்தினால் என் வார்டுக்குத்தான் வருவார்கள்.

மாந்தோப்பு மகள் | மே 23, இரவு 8.50

எல்லோருக்கும் நன்றி. பொது மருத்துவரைப் பார்த்தோம். காகிதத்தைக் கொடுத்ததும் அவரே மறுபடி படுக்க வைத்து, நிற்க வைத்து எடுத்தார். அதே கதைதான். ஆழமாக மூச்சு விடச் சொல்லி ஈசிஜி எடுத்தார். மூச்சோடு நாடி ஏறி இறங்கவே இல்லை என்று காட்டினார். அப்பாவுக்கு இதயத்தில் புதிதாக ஒன்றும் இல்லை. பிரஷர் மாத்திரையை மாற்றி அளவைக் குறைத்திருக்கிறார், புராஸ்டேட்டுக்கு வேறு மாத்திரை பார்க்கலாம் என்று சிறுநீரக மருத்துவருக்கு எழுதிக் கொடுத்தார். சர்க்கரையை ஒரேயடியாக இறக்காமல் நிதானமாகக் கட்டுக்குள் கொண்டு வரலாம் என்றார்.

கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல் வைத்திருக்கிறோம். காலையில் எழுவதற்கு முன் படுக்கையிலேயே இரண்டு டம்ளர் தண்ணீர், அப்புறம் கொஞ்ச நேரம் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டுத்தான் நிற்கிறார். ஒரே பெரிய களி உருண்டையை மதியத்துக்கும் மாலைக்கும் இரண்டாகப் பிரித்துவிட்டோம். அதற்குத்தான் ரொம்ப வருத்தப்படுகிறார். தரம் பிரிக்க உயரமான ஸ்டூல் போட்டாயிற்று, குந்துவது இல்லை.

இரவுப்பணி செவிலி | மே 24, காலை 8.15

மனசு நிறைந்தது. கால் காய்ந்து வெடித்திருப்பதை மறக்க வேண்டாம். தினமும் ராத்திரி பாதத்தைப் பார்த்து, விரலிடுக்கை விட்டுவிட்டு மற்ற இடத்தில் தேங்காயெண்ணெய் தடவுங்கள். வெறுங்காலோடு தோப்புக்குள் விடாதீர்கள். அளவை வாரம் இரண்டு முறை எடுத்து இங்கேயே போடுங்கள், நான் பார்க்கிறேன்.

மாந்தோப்பு மகள் | மே 31, காலை 7.05

படுத்து 144/80, நாடி 86. நின்று மூன்றாவது நிமிடத்தில் 124/74, நாடி 88. சுவரைப் பிடிக்கவில்லை அக்கா. இப்போது தோப்புக்குத்தான் போயிருக்கிறார், செருப்புப் போட்டுக்கொண்டு.